கொலோகொலோ தூங்கிய வீடு

மர வீட்டை அப்படியே மேட்டுக்கு இழுக்க ஊர் வந்து சேர இன்னும் அரைமணி நேரம்தான் இருந்தது. கிழங்கு அறைச் சுவரில் ஆடிக்கொண்டிருந்த பலகையைச் சுனில்தா சுத்தியலின் பின்பக்கத்தால் நெம்பினாள். இழுக்கும்போது அது தடதடவென்று அடிக்கும், கழற்றிவிடு என்று புருஷன் எலிசேயோ விடிந்ததிலிருந்து மூன்று தடவை சொல்லிவிட்டான். மூன்று தடவை சொன்ன நேரத்தில் அவனே கழற்றியிருக்கலாம். ஆண்பிள்ளைக்கு அதெல்லாம் எங்கே தோன்றப்போகிறது!

பலகை கையோடு வந்தது. உள்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் ஒரு பந்து. காட்டு மூங்கில் இலைகளைச் சுற்றிச் சுற்றிப் பின்னி, அதன்மேல் பச்சைப் பாசியை அப்பியிருந்தது. ஒரு குழந்தையின் தலை அளவு இருக்கும். எலிக்கூடு என்று நினைத்து, எலிகளைத் திட்டிக்கொண்டே விரலை விட்டு விலக்கிப் பார்த்தாள். உள்ளே நான்கு இருந்தன. ஒன்றின் வயிற்றில் இன்னொன்று முகத்தைப் புதைத்து, வாலை மூக்குமேல் போட்டுச் சுருண்டிருந்தன.

சுத்தியல் கையிலிருந்து விழுந்தது. அவள் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. கொலோகொலோ என்று வீட்டுக்குள் வாய்விட்டுச் சொல்வதுகூட எங்கள் சிலோவே தீவில் ஆகாது. நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். அது போதாதென்று மறுபடியும் போட்டாள்.

அது எலியைப் போன்ற ஒரு சின்னக் காட்டுப் பிராணி. காட்டில் இருக்கும்வரை யாருக்கும் தொல்லை இல்லை. வீட்டுக்குள் வந்துவிட்டால் கதை வேறு. இரவில் வந்து கரண்டியை நக்கும், தூங்குகிறவர்களின் எச்சிலை உறிஞ்சும், ஒவ்வொருவராக இருமி வற்றிச் சாவார்கள் என்பார்கள். கண்ணில் பட்ட அன்றே வீட்டைக் கொளுத்திவிட வேண்டும். சட்டி பானை, கட்டில், கல்யாணத் துணி எல்லாம் உள்ளேயே இருக்கட்டும். ஆள் மட்டும் வெளியே வந்தால் போதும்.

இது சும்மா பேச்சில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு கோடையில், ருதெசிந்தோ நவெல்கின் தன் வீட்டைத் தானே கொளுத்தினான். மாவுப் பெட்டியில் கொலோகொலோ இருந்தது. அன்று சாயங்காலமே மண்ணெண்ணெயை ஊற்றித் தீ வைத்துவிட்டான். மழை தொடங்குவதற்குள் வேறு வீடு கட்ட முடியவில்லை. அவனும் பெண்டாட்டி இர்மாவும் படகுக் கொட்டகையில் குளிர்காலத்தைத் தள்ளினார்கள். நடுக்குளிரில், ஜூலையில், இர்மா இருமி இருமிச் செத்துப்போனாள். கல்லறையில் மண் போடும்போதே ருதெசிந்தோ சொன்னான், "ஒரு நாள் முன்னாடி கொளுத்தியிருந்தா அவ பொழச்சிருப்பா." இன்றுவரை அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஊரும் ஆமாம் என்கிறது.

அந்த ருதெசிந்தோதான் இன்றைக்கு வீடு இழுக்கும் தலைவன். எருதுகளுக்கும் ஆட்களுக்கும் அவன் குரல்தான் குரல். அவன் வேண்டாம் என்று சொன்னால் இந்தக் கரையில் ஒருத்தன் வடத்தைத் தொடமாட்டான். கொளுத்து என்று சொன்னால் தீக்குச்சி கிழிக்க நாலு பேர் வருவார்கள், அதுவும் அவள் நல்லதுக்கு என்று நினைத்துக்கொண்டே வருவார்கள்.

வீட்டை இன்று நகர்த்தாவிட்டால் நாளைக்கு அது இருக்காது. போன வாரப் புயலில் கரைமேடு சரிந்து, கோழிக்கூடு கோழிகளோடு கடலுக்குள் போய்விட்டது. இப்போது வாசற்படிக்கும் விளிம்புக்கும் நடுவில் ஏழு தப்படிதான். நடுவில் மண் வெடித்திருந்தது. முந்தாநாள் அதில் விரல் நுழைந்தது, நேற்று முழுக்கை நுழைந்தது. இன்று சாயங்காலம் வடகாற்று மறுபடி வரும் என்று ரேடியோ சொல்லிவிட்டது. எலிசேயோவும் அவளும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போய் மன்றாடினார்கள். பதினாறு ஜோடி எருது, அறுபது ஆள். கூலி என்ற பேச்சே கிடையாது. வயிறாரச் சாப்பாடு போட வேண்டும், அவ்வளவுதான். அவர்கள் அப்பன் கட்டிய வீடு இல்லை அது. இருபது வருஷம் கடற்பாசி பொறுக்கி, ஒவ்வொரு பலகையாக வாங்கி, இரண்டு பேரும் கையால் ஆணி அடித்த வீடு. அதைவிட்டால் அவர்களுக்கு இந்த உலகத்தில் ஒரு கூரை கிடையாது.

சுனில்தா குனிந்து ஒன்றைத் தொட்டாள். கல் மாதிரிச் சில்லென்று இருந்தது. செத்துப்போயிருக்கிறது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். செத்தது என்றால் வெளியே வீசிவிடலாம், யாருக்கும் தெரியாது. உள்ளங்கையில் எடுத்தாள். ஒரு முட்டையின் பாதிக் கனம்கூட இல்லை. வால் மட்டும் அடியில் பருத்துக் கேரட் மாதிரி இருந்தது. குளிர்காலத்துக்கான கொழுப்பை அது அங்கேதான் சேமிக்கும். கண்ணைச் சுற்றிக் கரி பூசினாற்போல ஒரு வளையம். கை இருக்கிறதே, அது எலியின் கையே இல்லை. கட்டைவிரலோடு, எதையோ பிடித்துக்கொண்டே தூங்கிப்போன பச்சைக் குழந்தையின் கை. வாயோரம் லேசாகச் சுழித்து, நல்ல கனவு கண்டதுபோல் இருந்தது.

மூக்கு அசைந்தது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு விலா எலும்பு ஒரு தடவை மெல்ல ஏறி இறங்கியது. மறுபடி ஒன்றுமில்லை. உயிர் இருக்கிறது. குளிர் முடியும்வரை உடம்பையே அணைத்துவைத்துவிட்டுத் தூங்குகிறது, அவ்வளவுதான்.

"பாவி முண்டங்களா," என்றாள் சுனில்தா. "இத்தனை காடு இருக்கு. என் வீடுதானா கெடச்சுது ஒங்களுக்கு?"

அடுப்பில் போடலாம், ஆனால் அடுப்பை நேற்றே கழற்றியாயிற்று. வெளியே வீசலாம்; நாய் பார்க்கும், நாயோடு ஊரும் பார்க்கும். இன்னொன்றும் இருந்தது, அதை அவளால் யாரிடமும் சொல்ல முடியாது. போன வசந்தத்தில் விறகுக்குப் போனபோது ஒன்றைப் பார்த்திருந்தாள். புல்லுருவிக் கொத்தில் வாலால் தொங்கிக்கொண்டு, இரண்டு கையாலும் பழத்தைப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. வயிற்றுப் பையில் வளர்ந்த குட்டிகள் நான்கும் வெளியே வந்து தாயின் முதுகில் தொற்றியிருந்தன. தின்ற பழத்தின் கொட்டை எச்சத்தோடு கிளையில் ஒட்டும், அதிலிருந்துதான் அந்தச் சிவப்புப் பூ காடெல்லாம் படர்கிறது. அன்று விறகை மறந்து நின்று பார்த்தாள். அவ்வளவு அழகு. அதை எப்படி நாய்க்குப் போடுவது?

"அடியே சுனில்தா! செத்துட்டியா உள்ள?"

அண்டைவீட்டு எர்மிந்தாவின் குரல் வாசலில் கேட்டது. அவள் வாய் ஒரு ஊருக்குச் சமம். சுனில்தாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கூட்டைப் பாசியோடு அப்படியே அள்ளி, கம்பளிச் சட்டைக்குள், இரவிக்கைக்கு மேலாக மார்போடு திணித்து, மேலே சால்வையை இறுக்கி முடிந்தாள்.

"வரேன் வரேன். உயிரோடதான் இருக்கேன்."

"என்னடி மொகமெல்லாம் சுண்ணாம்பா இருக்கு? வீடு கடலுக்குள்ள போயிடுமோன்னு பயமா? போனா போகட்டும், என் வீட்டுல வந்து இருங்க. என் புருஷன் கொறட்டையத் தாங்கினா போதும்."

சிரிக்க வேண்டிய இடம்தான். சுனில்தா பல்லைக் காட்டினாள்.

வெளியே எருதுகள் வந்து நின்றன. வீட்டின் அடியில் நேற்றே இரண்டு நீண்ட மரங்களைச் செருகிக் கட்டியாயிற்று. அதற்குக் கீழே உருளைக் கட்டைகள். வடங்களை நுகத்தடிகளில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். ருதெசிந்தோ வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ஒவ்வொரு முடிச்சையும் உதைத்துப் பார்த்தான். ஒல்லியான மனிதன். அறுபது வயதுக்கு இன்னும் முதுகு வளையவில்லை. சிரித்து யாரும் பார்த்ததில்லை.

பிறகு வாசல் முன்னால் வந்து நின்றான். கூட்டம் பேச்சை நிறுத்தியது. எங்கள் விரிகுடாவில் வீடு இழுக்கும் முன் தலைவன் வீட்டுக்காரியிடம் ஒரு கேள்வி கேட்பான். உளுத்த மரம் இருந்தால், பிளந்த தூண் இருந்தால், ஆட்களின் உயிருக்கு ஆபத்தாக எது இருந்தாலும் அவள் அப்போதே சொல்லிவிட வேண்டும். மன்றாடி அழைத்தவள் ஒளிக்கக்கூடாது. அதற்கு மேல் நடப்பதெல்லாம் அவள் தலைமேல்.

"சொல்லு தங்கச்சி," என்றான் ருதெசிந்தோ. "எங்களுக்குத் தெரியாதது ஏதாவது இந்த வீட்டுல உண்டா?"

மார்புக்குள் நான்கு குளிர்ந்த உருண்டைகள். எலிசேயோ அவளைப் பார்த்துத் தலையாட்டினான். அவனுக்கு ஒன்றும் தெரியாது, பாவம்.

"ஒண்ணுமில்ல அண்ணே," என்றாள் சுனில்தா.

வீட்டுக்குள் இல்லைதானே, என் சட்டைக்குள்தானே இருக்கிறது என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். மனசு கேட்கவில்லை.

"மாதா துணை!" என்று ருதெசிந்தோ கத்தினான். "இழு!"

முப்பத்திரண்டு எருதுகள் கழுத்தைத் தாழ்த்தின. வடம் விறைத்தது. வீடு முதலில் அசையவில்லை. பிறகு பெருமூச்சு விடுவதுபோல் ஒரு சத்தம். கிழக்கு மூலை தூக்கிக்கொண்டது, ஜன்னல்கள் நடுங்கின, வீடு நகர்ந்தது. ஆட்கள் பின்னால் விட்ட உருளைகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினார்கள். நாய்கள் பைத்தியம் பிடித்ததுபோல் குரைத்தன. வெடிப்பை விட்டு வீடு விலகி வந்தபோது பெண்கள் எல்லாரும் கைதட்டினார்கள். சுனில்தாவுக்கு அழுகை வந்தது.

வீட்டுக்காரி வீட்டுக்கு முன்னால் நடக்க வேண்டும், ஆப்பிள் கள்ளுக் குடத்தோடு. நிற்கும் இடத்தில் எல்லாம் ஊற்றிக் கொடுக்க வேண்டும். கூட்டத்தை விட்டு ஒரு எட்டு விலக முடியாது. காட்டோரம் போய்க் கூட்டை எங்காவது செருகிவிட்டு வரலாம் என்று அவள் போட்ட கணக்கு அங்கேயே தப்பிப்போனது. மேடு ஏற ஏற உடம்பு சூடேறியது. கம்பளிக்குள் வியர்த்தது.

அப்போதுதான் அவள் செய்த முட்டாள்தனம் அவளுக்கே புரிந்தது. குளிரில்தான் அவை தூங்குகின்றன. அவள் அவற்றை அடைகாக்கிறாள்.

முதல் அசைவு பால் குடிக்கும் குழந்தை முண்டுகிற மாதிரி இருந்தது. ஒரு விரல், ஒரு சின்னப் பாதம். சால்வையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். சேசுவே, இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் ஒரு மேடு.

"என்னடி, நெஞ்ச வலிக்குதா?" எர்மிந்தா கண்கொத்திப் பாம்பு. "ஏன் அப்படிப் புடிச்சிக்கிட்டு நடக்குற?"

"குளிருது."

"குளிருதா? மொகத்துல வேர்வை கொட்டுது!"

பதில் சொல்வதற்குள் பின்னால் துப்பாக்கி வெடித்தாற்போல் ஒரு சத்தம். இடப்பக்க வடம் அறுந்தது. அறுந்த முனை காற்றில் சுழன்று வந்து, உருளை தூக்கிக்கொண்டு ஓடிய எலிசேயோவின் தொப்பியைப் பறித்துக்கொண்டு போய் வேலியில் அடித்தது. வேலிக் கம்பு இரண்டாக முறிந்தது. ஒரு சாண் இந்தப் பக்கம் வந்திருந்தால் அவன் தலை இருந்திருக்காது.

எலிசேயோ தன் மண்டையைத் தடவிப் பார்த்தான். தலை இருக்கிறது என்று தெரிந்ததும் சிரித்தான். மற்ற யாரும் சிரிக்கவில்லை. நான்தான், நான் ஒளித்ததால்தான் என்று சுனில்தாவின் மனசு அடித்துக்கொண்டது. இன்னொரு மனசு, அது பழைய வடம், போன மழையிலேயே நைந்துபோனது என்றது. இரண்டில் எதை நம்புவது?

ருதெசிந்தோ அறுந்த முனையை எடுத்து, நெடுநேரம் உருட்டி உருட்டிப் பார்த்தான்.

"நல்ல வடம் இது," என்றான். "நேத்து நானே பாத்தேன். இந்த வீட்டுல என்னமோ இருக்கு."

வீடு மேட்டின் நடுவில், சரிவில், நான்கு ஆப்புகளின் தயவில் நின்றது. கீழே கடல் கறுக்கத் தொடங்கியிருந்தது. வடகாற்றின் முதல் வீச்சு வந்து பெண்களின் பாவாடையைப் படபடக்கவைத்தது. இங்கேயே விட்டுவிட்டுப் போனால் ஆப்பு நழுவி வீடு வந்த வழியே உருண்டு கடலில் விழும்.

"புது வடம் கட்டுங்க," என்றான் கடைசியில். "அதுவரைக்கும் எல்லாரும் ஒரு வாய் குடிங்க. தங்கச்சி, ஊத்து."

சுனில்தா முதலில் தலைவனுக்குத்தான் ஊற்ற வேண்டும். மற்றவர்கள் வடத்தைச் சுற்றிக் கூடியிருந்தார்கள். அவள் குடத்தைச் சாய்த்தாள். அவன் கோப்பையை நீட்டினான். அவள் சட்டைக் கைக்குள் என்னவோ விறுவிறுவென்று ஓடியது. மணிக்கட்டில் மூக்கு தெரிந்தது. பிறகு கரி வளையமிட்ட இரண்டு கறுத்த கண்கள்.

குடத்தைப் போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். ஓட முடியவில்லை. அந்தச் சனியன் அவள் விரல்மேல் வந்து, கோப்பையின் விளிம்பில் கால்வைத்து, ருதெசிந்தோவின் கட்டைவிரலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. வாலை அவன் சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டது. விழாமல் இருக்கத்தான். பிறகு, தூக்கம் கலையாதவர்கள் செய்வதுபோல், கொட்டாவி விட்டது.

ருதெசிந்தோவின் முகத்தில் ஈயாடவில்லை. அவன் முதுகு கூட்டத்தை மறைத்துக்கொண்டிருந்தது. அவர்கள் இருவரைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

"வீட்டுக்குள்ள இருந்துதா?" குரல் எழும்பவே இல்லை.

காட்டிலிருந்து வந்தது, இப்போதுதான் மரத்திலிருந்து என்மேல் விழுந்தது என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்தது. வேலியில் தொங்கிய எலிசேயோவின் தொப்பி கண்ணில் பட்டது. இன்னொரு தடவை பொய் சொல்லி இன்னொருத்தன் தலை போனால்?

"ஆமா அண்ணே. கெழங்கு அறைச் சுவத்துல. இன்னும் மூணு இருக்கு, எங்கிட்ட. நீங்க கேட்டப்பவே இருந்துச்சு. சொல்லல. என்னைக் கொன்னாலும் சரி."

"எத்தன நாளா?"

"தெரியல. கூடு பழசு. ஒண்ணுக்கு மேல ஒண்ணா, வருஷா வருஷம் கட்டின மாதிரி இருந்துச்சு. அஞ்சாறு குளிர்காலம் இருக்கும்."

"அஞ்சாறு குளிர்காலம்," என்றான் அவன். "உங்க ரெண்டு பேருக்கும்?"

அவன் என்ன கேட்கிறான் என்று அவளுக்கு உடனே புரிந்தது. சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் உண்மையைச் சொல்லத் தொடங்கிய வாய் நிற்கவில்லை.

"ஒண்ணும் ஆகல அண்ணே. ஒரு இருமல்கூட இல்ல."

அவன் விரல்கள் மெல்ல மூடின. கொலோகொலோவின் தலை மட்டும் முஷ்டிக்கு வெளியே தெரிந்தது. இறுக்கினால் ஒரு நொடிதான். சுனில்தா அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், எலும்பு நொறுங்கும் சத்தத்துக்குக் காத்திருந்தாள்.

"தலைவரே! வடம் கட்டியாச்சு!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

ருதெசிந்தோ கையைத் தன் கோட்டுப் பைக்குள் விட்டான். விட்டவன் வெளியே எடுக்கவில்லை. ஒரு கையால் கள்ளைக் குடித்து, கோப்பையை அவளிடம் கொடுத்தான்.

"மத்ததக் காட்டு மூங்கில்ல வை. ஈரப் பாசியோட வை," என்றான். "சீக்கிரம் போய் வா." பிறகு திரும்பிக் கத்தினான், "என்னடா வேடிக்கை? ஆப்ப எடு! இழு!"

அவள் ஓடினாள். வேலிக்கு அப்பால் மூங்கில் புதரில், அடர்ந்த கணுக்களுக்கு நடுவே, கூட்டைச் செருகி, சுற்றிலும் பாசியைப் பிய்த்து அடைத்தாள். மூன்றும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு உள்ளே புதைந்தன. திரும்பி ஓடி வரும்போது வீடு மேட்டின் உச்சியைத் தாண்டிக்கொண்டிருந்தது. பதினாறு ஜோடியும் நுரை தள்ள இழுத்தன. ருதெசிந்தோ முன்னைவிட உரக்கக் கத்திக்கொண்டிருந்தான், தொண்டை கிழிந்துவிடும்போல. வலது கையால் தார்க்குச்சியை வீசினான். இடது கை பையிலேயே இருந்தது.

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. ஏன் வரவேண்டும்? நடுமேட்டில் வைத்துக் கொளுத்தினால் காட்டுக்கும் வேலிக்கும் தீ பிடிக்கும். மேலே சமதரையில் வைத்துக் கொளுத்துவதுதான் புத்தியுள்ளவன் செய்வது. அவன் புத்தியுள்ளவன். கூட்டைக் காட்டில் வைக்கச் சொன்னது, மற்ற வீடுகளுக்கு அவை போகாமல் இருக்கத்தான். அவள் எலிசேயோவைப் பார்த்தாள். அவன் சந்தோஷமாக உருளை தூக்கிக்கொண்டு ஓடினான். அவனிடம் என்னவென்று சொல்வாள்?

சாயங்காலம் மழை வரும் முன் வீடு காட்டோரப் புல்வெளியில், புதுத் தூண்கள்மேல் உட்கார்ந்தது. கீழே, பழைய இடத்தில், கரைமேடு ஒரு பெரிய துண்டாகச் சரிந்து கடலில் விழுந்த சத்தம் மேலேவரை கேட்டது. கூட்டம் ஓவென்று கத்தியது. எலிசேயோ அவளைத் தூக்கிச் சுற்றினான். அவள் மரக்கட்டையாக இருந்தாள்.

அடுப்பை உள்ளே கொண்டுவந்து வைத்துப் புகைபோக்கியை மாட்டினார்கள். நகர்ந்த வீட்டில் முதல் தீயைத் தலைவன்தான் மூட்ட வேண்டும், அதற்கப்புறம்தான் சாப்பாடு. அறுபது பேரும் சமையலறையிலும் கூடத்திலும் வாசலிலும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். குழியில் வெந்த சிப்பியும் பன்றி இறைச்சியும் உருளைக்கிழங்கு அடையும் மணத்தன. பசியோடு எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ருதெசிந்தோ அடுப்பின் முன் மண்டியிட்டான். விறகைத் தொட்டுப் பார்த்தான்.

"ஈரமா இருக்கு. மண்ணெண்ணெய் எங்க?"

எலிசேயோ தகரக் குப்பியைக் கொண்டுவந்து நீட்டினான். சுனில்தா கதவுக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றாள். அறுபது பேர் உள்ளே இருக்கும்போது செய்வானா? முதலில் எல்லாரையும் வெளியே போகச் சொல்வான். சொல்லட்டும், நான் போகப்போவதில்லை என்று முடிவு செய்துகொண்டாள். அவன் ஒரு கையாலேயே மூடியைத் திறந்து விறகில் ஊற்றினான். குப்பியை மூடவில்லை, முழங்கால் பக்கத்திலேயே வைத்துக்கொண்டான். தீப்பெட்டியை முழங்காலில் இடுக்கிக் குச்சியைக் கிழித்தான். குச்சி எரிந்தது. அவன் அதை அடுப்பில் போடாமல் பார்த்துக்கொண்டேயிருந்தான். தீ விரலுக்கு வந்துகொண்டிருந்தது.

"அண்ணே," என்றாள் சுனில்தா.

குச்சி அடுப்பில் விழுந்தது. விறகு குப்பென்று பிடித்தது. அவன் குப்பியை மூடி, எலிசேயோவிடம் கொடுத்தான். பிறகு இடது கையைப் பையிலிருந்து எடுத்து, எல்லார் முன்னாலும் திறந்தான்.

எர்மிந்தா வீறிட்டாள். தட்டு ஒன்று விழுந்து உடைந்தது. வாசலில் நின்றவர்கள் பின்வாங்கினார்கள். "இந்த வீட்டுலயா? இங்கயா இருந்துது?" "கொளுத்தணும்!" "எல்லாரும் வெளிய வாங்க!" எலிசேயோ வாயைத் திறந்தபடி பெண்டாட்டியைப் பார்த்தான்.

"நில்லுங்க," என்றான் ருதெசிந்தோ. கத்தவில்லை. ஆனாலும் நின்றார்கள். "இந்தக் கரையில கொளுத்தினவன் நான் ஒருத்தன்தான். நான் பேசுறேன்."

கொலோகொலோ அவன் உள்ளங்கையில் உட்கார்ந்து, அடுப்பின் வெளிச்சத்தைப் பார்த்து, முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டது.

"இந்தச் சுவத்துல அஞ்சாறு குளிர்காலமா இருந்திருக்கு. இவங்க ரெண்டு பேரும் கல்லு மாதிரி நிக்கிறாங்க. அன்னிக்கு எங்க வீட்டுல பாத்தது தாயி. முதுகுல குட்டிங்க. இர்மா என் கையப் புடிச்சுக்கிட்டா. 'வேணாங்க, குட்டி இருக்கு பாருங்க, நான் கூடையில வச்சுக் காட்டுல விட்டுட்டு வரேன்'ன்னா. நான் அவளத் தள்ளிவிட்டேன்." "படகுக் கொட்டாயில அந்த வருஷம் பூரா ஒழுகிச்சு. போர்வை காயவே இல்ல. அவ இருமினா. நான், அது கரண்டிய நக்கிடுச்சு, அதனாலன்னேன். அவகிட்டயே சொன்னேன். அவளும் கடைசியில சரின்னா, என் மனசு நோகக் கூடாதுன்னு."

மழை கூரையில் விழத் தொடங்கியிருந்தது. ஒருத்தரும் வெளியே போகவில்லை. உள்ளே வரவும் இல்லை. எர்மிந்தா தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

ருதெசிந்தோ மண்டியிட்டபடியே சுனில்தாவின் பக்கம் கையை நீட்டினான். அந்தக் கை அப்படி உதறியது. கொலோகொலோ விழாமல் அவன் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

"இத வாங்கிக்க தங்கச்சி," என்றான். "என் கை நிக்க மாட்டேங்குது. நசுக்கிடப் போறேன்."